அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில்



சென்ற மாதம் எங்கள் மஹல்லாவின் மக்தபில் பெற்றோர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஓதலில் பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்காகவே கூட்டப்பட்டது. ஆனால் எழுந்து பேசிய ஒவ்வொருவரும் கைப்பேசியைப் பற்றியே பேசினார்கள். போனைக் கையில் கொடுத்தால்தான் மகன் சோறு உண்கிறான் என்றார் ஒரு தாய். பிடுங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பேசுவதில்லை என்றார் ஒரு தந்தை. ஓதிய சூரா மறந்துபோகிறது, பார்த்த ரீல்ஸ் மட்டும் மறப்பதில்லை என்று ஒருவர் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஹஜ்ரத் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தபின் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: “அஸர் தொழுது முடித்ததிலிருந்து மஃக்ரிப் பாங்கு சொல்லும் வரை உங்கள் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?”

எவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் போன் பார்ப்பான். தெருவில் இருந்தால் வண்டி மோதும். வெளியூர்ச் சாலைப் பக்கம் போனால் யாருடன் சேர்வானோ என்று அச்சம். டியூஷனில் இருக்கட்டும் என்று சொல்லலாம். ஆனால் டியூஷனும் ஆறு மணிக்குத்தான் தொடங்குகிறது. உண்மையைச் சொன்னால், அந்த ஒன்றரை மணி நேரத்தில் நம் பிள்ளை எங்கே இருந்தாலும் நமக்குத் தொந்தரவு தராமல் இருந்தால் போதும் என்பதே நம் விருப்பமாக இருந்திருக்கிறது. அந்த விருப்பத்தைக் கைப்பேசி மிக நேர்த்தியாக நிறைவேற்றித் தந்திருக்கிறது. பிறகு அதன்மீதே நாம் புகார் சொல்கிறோம்.

இந்தக் கட்டுரை கைப்பேசிக்கு எதிரானது அன்று. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியது.

புளியங்குடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாலை நேரத்தின் ஒரு சிறப்பு தெரியும். மேற்கே மலை நிற்பதால் வெயில் இங்கே சற்று முன்னதாகவே சாய்ந்துவிடும். வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. பிள்ளைகள் விளையாடுவதற்கென்றே அமைந்தது போன்ற நேரம் அது. என் சிறுவயதில் நெல் அறுத்த வயல்கள் அடுத்த நடவு வரைக்கும் எங்களுடையவையாக இருந்தன. தென்னை மட்டையைச் சீவினால் பேட். ரப்பர் பந்து கிணற்றில் விழுந்துவிட்டால், எலுமிச்சை மண்டிகளின் ஓரத்தில் கழித்துப் போடப்பட்ட காய்களில் கெட்டியான ஒன்றைப் பொறுக்கி வந்து அன்றைய ஆட்டத்தை முடிப்போம். இரண்டு ஓவருக்கு மேல் அது தாங்காது; பேட் செய்பவன் முகத்தில் சாறு தெறிக்கும். சடுகுடு, கிட்டிப்புள், பம்பரம், கிணற்று நீச்சல் எல்லாம் உண்டு. மஃக்ரிப் பாங்குதான் எங்களுக்கு நடுவரின் விசில். கடைசிப் பந்தா, கடைசிக்கு முந்தைய பந்தா என்ற வாக்குவாதத்தோடு கை கால் கழுவி ஹவுளுக்கு ஓடுவோம்.

இதைப் படிக்கும் என் வயதினர் பெருமூச்சு விடக்கூடும். அவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அப்படி விளையாடிவிட்டு வீடு திரும்பியபோது நமக்குக் கிடைத்தது பாராட்டு அன்று. புளியங்குச்சியால் காலில் அடிதான் கிடைத்தது. “பந்தடித்தால் சோறு கிடைக்குமா?” என்று வாப்பா கேட்டார். “வெயிலில் கறுத்துப் போகிறாயே” என்று உம்மா அழுதார். விளையாட்டு வீண், விளையாடுபவன் உருப்படமாட்டான் என்ற எண்ணம் நம் வீடுகளில் கைப்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அந்த எண்ணத்தைத்தான் நாம் வளர்ந்து பெற்றோரானதும் அப்படியே கையில் எடுத்துக்கொண்டோம். கைப்பேசி நம் பிள்ளைகளிடமிருந்து விளையாட்டைப் பறித்தது என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. நாம் ஏற்கெனவே பறித்துக் காலியாக வைத்திருந்த இடத்தில் அது வந்து அமர்ந்தது.

அது எப்போது அமர்ந்தது என்பதையும் நாம் அறிவோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறத்தாழ இருபது மாதங்கள். இணைய வகுப்புக்காக என்று சொல்லி என் மகனுக்குப் போன் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. வகுப்பு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நடந்தது. மீதி நேரம் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் வீடு அமைதியாக இருந்தது. பள்ளி திறந்தபின் போனைத் திரும்பக் கேட்டபோது அவன் என்னைப் பார்த்த பார்வையில், கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் ஒருவனாக நான் தெரிந்தேன். தவறு அவனுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போனைத் தூக்கி எறியுங்கள் என்று மேடையில் முழங்குவது எளிது. நம் வீடுகளில் அதைச் சொல்ல முடியாத ஒரு காரணமும் இருக்கிறது. ரியாத்திலும் தம்மாமிலும் துபாயிலும் இருக்கும் எத்தனையோ வாப்பாமார்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கைப்பேசித் திரையாகத்தான் இருக்கிறார்கள். பிறந்த குழந்தையின் முகத்தை முதன்முதலில் அதில்தான் பார்த்தார்கள். பல் முளைத்ததையும், முதன்முதலில் அலிஃப் எழுதியதையும் அதில்தான் கண்டார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வரும் தந்தையைப் பார்த்து மிரண்டு உம்மாவின் பின்னால் ஒளியும் பிள்ளைகளை நாம் முன்பு கண்டிருக்கிறோம்; இப்போது அது குறைந்திருக்கிறது. இந்த நன்மையை மறுப்பது நன்றி மறப்பதாகும். அதே நேரத்தில், வாப்பா முகம் தெரியும் அதே கருவியில்தான் மற்ற அனைத்தும் வருகின்றன. எதை மூடுவது, எதைத் திறப்பது என்று தனியாக இருக்கும் ஒரு தாய் எத்தனை முறைதான் மல்லுக்கட்டுவார்?

இனி நான் அதிகம் அஞ்சும் விஷயத்துக்கு வருகிறேன். கைப்பேசியால் கண் கெடும், தூக்கம் கெடும் என்பதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் கவனித்தது வேறு. விளையாட்டின்மீது நம் பையன்களுக்கு இருக்கும் ஆசை சிறிதும் குறையவில்லை. ஐ.பி.எல். அணிகளின் வீரர் பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது. ஐரோப்பியக் கால்பந்து நள்ளிரவில் நடந்தாலும் விழித்திருந்து பார்க்கிறார்கள். ஆனால் ஆடுபவன் முதலில் பார்ப்பவனாக மாறினான். பிறகு பார்ப்பவன் பணம் வைப்பவனாக மாறினான். இந்த இரண்டாவது மாற்றம் நம் கண்ணெதிரே நடந்தது. யார் எத்தனை ரன் எடுப்பார்கள் என்று கணித்து அணி அமைத்தால் பரிசு என்று சொல்லும் செயலிகளுக்கு, நாம் மதிக்கும் கிரிக்கெட் வீரர்களே விளம்பரத்தில் வந்து அழைப்பு விடுத்தார்கள். அது சூது என்று பையன்களுக்குத் தோன்றவே இல்லை. ‘திறமை’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

என் நெருங்கிய உறவினர் வீடு ஒன்றில் இது நடந்தது. பையன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. வாப்பா வெளிநாட்டில் ஓட்டுநர். தங்கையின் திருமணத்துக்காக மாதந்தோறும் அனுப்பிய பணம் உம்மாவின் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கு பையனின் போனில் இருந்தது, ஏனெனில் உம்மாவுக்கு அதை இயக்கத் தெரியாது. முதலில் ஐம்பது ரூபாய், பிறகு ஐந்நூறு, பிறகு இழந்ததை மீட்க ஐயாயிரம். ஏழு மாதத்தில் ஒன்றே முக்கால் இலட்சம். வங்கியில் பாஸ்புக் பதிவு செய்யப் போன அன்றுதான் உம்மாவுக்குத் தெரிந்தது. அவர் கத்தவில்லை. மூன்று நாட்கள் அந்த வீட்டில் சமையல் நடக்கவில்லை என்று மட்டும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அந்தப் பையன் பத்தாம் வகுப்பு வரை எங்கள் தெருவிலேயே நன்றாகப் பந்து வீசக்கூடியவனாக இருந்தான். தேர்வு என்று சொல்லி அதை நிறுத்தியவர்கள் நாங்கள் பெரியவர்கள்தான்.

தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2022-இல் பேரவையில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. மைஸிரை அல்லாஹ் மதுவோடு சேர்த்து ஷைத்தானின் செயல் என்று விலக்கிப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. பகைமையையும் வெறுப்பையும் விதைப்பது, தொழுகையை விட்டும் தடுப்பது என்று அதற்கான காரணத்தையும் அல்மாயிதா அத்தியாயம் சொல்கிறது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் செயலி மூடப்பட்டால் அந்தப் பையனின் மாலை நேரம் தானாக நிரம்பிவிடாது. அது மறுபடியும் காலியாகத்தான் இருக்கும். காலியான இடத்துக்கு அடுத்து எது வரும் என்று எவரால் சொல்ல முடியும்?

ஊரகப் பகுதிப் பிள்ளைகளைக் குறித்து பிரதம் நிறுவனம் வெளியிடும் ‘அசர்’ அறிக்கை பலருக்குத் தெரிந்திருக்கும். (உருதுவில் அந்தச் சொல்லுக்குத் தாக்கம் என்று பொருள், நம் அஸர் தொழுகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனினும் அந்த நேரத்தைப் பற்றி எழுதும்போது அது நினைவுக்கு வந்துவிட்டது.) 2024-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். முந்தைய ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. படிப்புக்காகத்தான் வாங்கிக் கொடுத்தோம் என்று சொல்லும் நாம் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, கைப்பேசியும் விளையாட்டும் பகைவர்கள் என்று நான் முடிவு கட்டினால் அது நேர்மையாகாது. சுற்றுவட்டாரத்தில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் சாக்பீஸால் சுவரில் எழுதிய ஸ்கோர், இன்று ‘கிரிக்ஹீரோஸ்’ போன்ற செயலியில் பந்துக்குப் பந்து பதிவாகிறது. யாரோ ஒரு தம்பி முக்காலியில் போனை நிறுத்தி யூடியூபில் நேரலை தருகிறான். தம்மாமில் இருந்துகொண்டு, தன் மகன் வீசிய ஓவரைப் பார்த்து, அவன் கால் கோட்டைத் தாண்டுகிறது என்று ஒரு வாப்பா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியதை நான் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல பயன் அந்தக் கருவிக்கு வேறு என்ன இருக்க முடியும்? பஜ்ர் தொழுதபின் ஷட்டில் ஆடும் நடுத்தர வயதினரின் குழு ஒன்றும் எங்களிடையே உண்டு. யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது இரவே குழுவில் தெரிந்துவிடும். வராதவரைக் கேலி செய்தே வரவழைத்துவிடுவார்கள். ஆடுவதைவிட அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் ஓரிருவர் இருக்கிறார்கள், அவர்களை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது வேறொன்று. சிறு நகரங்கள் வரை வந்துவிட்ட ‘டர்ஃப்’ மைதானங்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுகின்றன. பகலில் வாடகை ஒன்று, விளக்கு வெளிச்சத்தில் வேறொன்று. இஷாவுக்குப் பிறகு தொடங்கும் ஆட்டம் நள்ளிரவைத் தொடுகிறது. அப்புறம் பஜ்ருக்கு எழுவது யார்? காசுள்ள வீட்டுப் பிள்ளை ஆடுகிறான், காசில்லாத வீட்டுப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று போனில் ஆடுகிறான். வயல்களில் ஆடியபோது எங்களிடையே இந்தப் பிரிவினை இருந்ததில்லை.

நமது மார்க்கம் விளையாட்டை எப்படிப் பார்த்தது என்று சொல்லும்போது, சில செய்திகளை நாம் ஆதாரமாக மட்டும் அடுக்கிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவற்றின் உள்ளே சற்று நின்று பார்க்க வேண்டும். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள புகழ்பெற்ற நிகழ்ச்சி: பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்க விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னால் அவர்களை நிறுத்தி, அவர்களுக்கே போதும் என்று தோன்றும் வரை நின்றுகொண்டிருந்தார்கள். விளையாட்டு அனுமதிக்கப்பட்டது என்பதற்கு இதை மேற்கோள் காட்டுகிறோம். என்னைத் தொடுவதோ அவர்கள் நின்ற அந்த நேரம். அல்லாஹ்வின் தூதருக்கு வேலை இல்லாமலா இருந்தது? இளவயதினர் ஒருவரின் மகிழ்ச்சிக்காக, அவர் சலிக்கும் வரை தாம் சலிக்காமல் நின்றார்கள். நாம் மகனின் ஆட்டத்தைப் பார்க்கப் போனாலும் இரண்டாவது ஓவரில் போனை எடுத்துவிடுகிறோம்.

குதிரைப் பந்தயம் பற்றிய செய்தியும் அப்படியே. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம் என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்தார்கள். வலிமை குறைந்ததற்கும் ஒரு பந்தயம் இருந்தது. நம் ஊர்ப் போட்டிகளில் நன்றாக ஆடும் பதினொரு பேருக்குத்தான் இடம். பருத்த உடல் கொண்டவன், கண்ணாடி போட்டவன், பந்தைக் கண்டால் பயப்படுபவன் ஆகியோர் எங்கே போவார்கள்? அவர்கள்தாம் முதலில் கைப்பேசிக்குள் போனவர்கள்.

பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் கற்றுக்கொடுங்கள் என்ற செய்தி ஆண்டுக்கு நூறு முறையேனும் என் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. நபிமொழி என்ற தலைப்புடன் வருகிறது. அது உமர் (ரலி) அவர்களின் பெயரால் சொல்லப்படும் அறிவுரை என்பதே ஆலிம்கள் தரும் விளக்கம். அது இருக்கட்டும். அதை எனக்கு அனுப்பியவர்களில் ஒருவராவது தம் பிள்ளையைக் கிணற்றுக்கோ குளத்துக்கோ அழைத்துச் சென்று நீந்தக் கற்றுக்கொடுத்தாரா என்று விசாரித்தேன். இல்லை. நானும் கொடுக்கவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஆண்பிள்ளைக்கு விளையாட்டுப் போய்ப் போன் வந்தது. பெண்பிள்ளைக்கோ பதினொன்று, பன்னிரண்டு வயதில் விளையாட்டு நின்றுவிடுகிறது. போனும் தயக்கத்துடன்தான் தரப்படுகிறது. மாடிக்குப் போவதும் சமையலறைக்கு வருவதும்தான் அவள் உடற்பயிற்சி. பிறகு முப்பது வயதில் முழங்கால் வலி, தைராய்டு, சர்க்கரை என்று தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் அலைகிறோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்ததையும், முதல்முறை அவர்கள் முந்தியதையும், பின்னொரு முறை நபியவர்கள் முந்தி அதற்கு இது ஈடு என்று சொன்னதையும் அபூதாவூதில் காண்கிறோம். வரம்பு பேணி, மறைவான இடத்தில், பெண்களே பெண்களுக்குப் பயிற்சி தரும் ஏற்பாட்டை யார் தடுத்தார்கள்?

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமாவைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அப்போது அவருக்கு வயது 17. தலை மறைத்த ஆடையில்தான் படங்களில் காணப்பட்டார். அந்தச் செய்தியில் நான் முதலில் கவனித்தது பதக்கத்தை அன்று. அவருடைய தந்தையே கேரம் ஆடுபவர். அப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பலகையின் முன்தான் மகளும் சிறு வயதில் உட்கார்ந்தார். நாள் முழுவதும் சவாரி ஓட்டிவிட்டு வந்த ஒரு மனிதர், பிள்ளைகளோடு பலகையின் ஒரு பக்கத்தில் அமர்ந்திருந்தார். கேரம் பலகை இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. பெரும்பாலான வீடுகளில் அது பரணில் கிடக்கிறது, அல்லது பெருநாள் மாவு காயவைக்கப் பயன்படுகிறது.

ஒரு ஊரே விளையாட்டை மதித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவுக்குப் போக வேண்டாம். காயல்பட்டினத்தைப் பாருங்கள். அங்குள்ள ஐக்கிய விளையாட்டுச் சங்கம் பல பத்தாண்டுகளாக மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவு அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை நடத்தி வருகிறது. மார்க்கப் பற்றுக்குப் பெயர் பெற்ற ஊர்தான் அது. கால்பந்தும் அங்கே அதே ஊரின் அடையாளமாகத்தான் இருக்கிறது. நமக்குக் கிழக்கே, சங்கரன்கோவிலைத் தாண்டிப் போனால் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற அந்த ஊரிலிருந்து ஹாக்கி வீரர்கள் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். இந்த ஊர்களின் பிள்ளைகளிடமும் கைப்பேசி இருக்கத்தான் செய்கிறது. மாலையில் போவதற்கு ஓர் இடமும் இருக்கிறது.

இந்தக் கருத்தை ஜமாஅத் கூட்டத்தில் சொன்னபோது சில ஆட்சேபனைகள் எழுந்தன. அவற்றில் நியாயமும் உண்டு. முதலாவது, சண்டை. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் போட்டி வைத்தால் அது போட்டியோடு நிற்காது என்றார் ஒரு பெரியவர். அனுபவத்தில் சொல்கிறார், மறுக்க முடியாது. அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்துகொண்டிருந்தபோது, நான் இந்த அணியோடு இருக்கிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்ல, எதிரணியினர் அம்பெய்வதையே நிறுத்திவிட்டார்கள். உடனே, நான் உங்கள் அனைவரோடும் இருக்கிறேன் என்று சொல்லி அவர்களைத் தொடரச் செய்தார்கள் என்று புகாரியில் வருகிறது. பெரியவர்கள் மைதானத்தில் இருந்தால் செய்ய வேண்டிய வேலை இதுதான். அவர்கள் அங்கே இல்லாததால்தான் சண்டை முற்றுகிறது. தெருவுக்கொரு அணி என்று பிரிக்காமல் பெயர் எழுதிக் குலுக்கி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது ஆட்சேபனை இன்னும் கூர்மையானது. நம் பக்கத்துப் போட்டிகளில் ஒவ்வோர் அணியும் நுழைவுக் கட்டணம் கட்டி, அந்தப் பணத்தையே முதல் பரிசாக வெல்பவர் எடுத்துப் போகிறார். தோற்றவர் பணம் வென்றவருக்குப் போகிறதென்றால் அதற்கும் நாம் கண்டிக்கும் செயலிக்கும் என்ன வேறுபாடு என்று ஓர் இளம் ஆலிம் கேட்டார். கேட்டவர் சரியாகவே கேட்டார். அணிகளிடம் வசூலித்துப் பரிசு தருவதைச் சூதின் வகையிலும், போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவர் தம் சொந்தப் பணத்தில் தரும் பரிசை ஆகுமானதாகவும் ஆலிம்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். கட்டணம் தேவையென்றால் பந்துக்கும் தண்ணீருக்குமான செலவோடு அது நிற்கட்டும். கோப்பையை ஊர்ச் செல்வந்தர் ஒருவர் தரட்டும். கல்யாண வீட்டு அலங்காரத்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்குதான் அது.

மூன்றாவது ஆட்சேபனை படிப்பு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் உடல் அசையும் விளையாட்டு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் அது தாராளமாக அடங்கும். பெரியவர்களின் கதையும் இதில் இருக்கிறது: இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 2022-இல் போதிய உடலுழைப்பு இல்லாதவர்களாக இருந்தார்கள் என்று அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன். மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்புவதைவிட அழைத்துச் செல்வது நமக்கும் நல்லது.

கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் நால்வர் சேர்ந்தோம். ஒருவர் மண்டியில் கணக்கு எழுதுபவர், ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து கடை வைத்திருப்பவர், நான். ஊருக்கு மேற்கே ஒருவரின் காலி மனை இருந்தது. கருவேலத்தை வெட்டிச் சமன்படுத்தினோம். நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு, அஸர் தொழுததும் அங்கே போய் நிற்கிறோம். முதல் வாரம் ஆறு பிள்ளைகள் வந்தார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று விதி வைத்தோம்; இரண்டாம் நாளே ஒரு பையன், “மாமா, நீங்கள் மட்டும் பார்க்கிறீர்களே” என்று கேட்டான். அதிலிருந்து எங்கள் போன்களையும் கடைக்காரர் கொண்டுவரும் எலுமிச்சைக் கூடையில் போட்டுவிடுகிறோம். ஒரு மணி நேரம் அதைத் தொடாமல் இருப்பது பிள்ளைகளைவிட எனக்குத்தான் கடினமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மகன் முதல் பத்து நாட்கள் வரவில்லை. இப்போது வருகிறான், ஆனால் என் முறை அல்லாத நாட்களில். இப்போது இருபதுக்கு மேல் பிள்ளைகள் வருகிறார்கள். பணத்தை இழந்த அந்தப் பையனும் வருகிறான். சிறுவர்களுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுக்கிறான். அவனிடம் எவரும் பழையதைக் கேட்பதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் எதுவும் செய்ய முடியவில்லை. சுற்றுச்சுவர் உள்ள இடம் ஒன்று வேண்டும். வந்து நிற்கப் பெண்கள் இருவர் வேண்டும். ஆசிரியரின் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மனைக்குச் சொந்தக்காரர் வரும் ஷவ்வாலில் வீடு கட்டத் தொடங்குகிறார். அவர் மகளுக்கான வீடு. அல்லாஹ் பரக்கத் செய்வானாக, அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை, இத்தனை நாள் தந்ததே பெரிது. அதற்குள் வேறோர் இடம் பார்க்க வேண்டும். அறுபதடிக்கு நூறடி இருந்தால் போதும், முள் இல்லாமல் இருக்க வேண்டும், பெரிய சாலையைக் கடக்காமல் பிள்ளைகள் வந்து சேரக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டாமல் போட்டிருக்கும் மனை உங்களிடமோ வெளிநாட்டிலிருக்கும் உங்கள் சகோதரரிடமோ இருந்தால், ஓராண்டுக்கு மட்டும் தந்தாலும் சரி. ஜுமுஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் ஹஜ்ரத்திடம் சொல்லிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.